அரசின் புளுகுக்கு எத்தனை நாள் ஆயுள்?

1964 ஆகஸ்ட் 4. வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் கும்மிருட்டு, மோசமான வானிலை. அமெரிக்காவின் மேடாக்ஸ், டர்னர் ஜாய் என்ற இரண்டு போர்க்கப்பல்கள், வட வியட்நாமின் டார்பிடோ படகுகள் தங்களைத் தாக்குவதாகச் செய்திமேல் செய்தி அனுப்பின. சில மணி நேரம் கழித்து, ரோந்துக்குத் தலைமை வகித்த ஜான் ஹெரிக் மேடாக்ஸிலிருந்து வேறொரு செய்தி அனுப்பினார். வானிலை ரேடாரை ஏமாற்றியிருக்கலாம், சோனார் கருவியில் காதை வைத்திருந்தவர்கள் ஆர்வக்கோளாறில் இல்லாத ஒலிகளைக் கேட்டிருக்கலாம், கண்ணால் ஒரு படகையும் மேடாக்ஸில் யாரும் பார்க்கவில்லை, மேற்கொண்டு எதையும் செய்யும் முன் முழுதாக ஆராய்வது நல்லது என்பது அதன் சாரம். அதற்குப் பின் அனுப்பிய செய்தியில் அவரே சற்றுப் பின்வாங்கினார். முதலில் வந்த தாக்குதலாவது உண்மையாக இருக்கும் என்றார்.

வாஷிங்டனில் இந்தத் தடுமாற்றத்துக்கு யாரும் காத்திருக்கவில்லை. அன்றிரவே, நள்ளிரவு நெருங்கும் வேளையில், அதிபர் லிண்டன் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றித் தாக்குதல் நடந்தது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னார், பதிலடி தொடங்கிவிட்டது என்றும் அறிவித்தார். ஆகஸ்ட் 7 அன்று பிரதிநிதிகள் சபை 416-0 என்றும், செனட் 88-2 என்றும் வாக்களித்து, தென்கிழக்கு ஆசியாவில் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க அதிபருக்கு அதிகாரம் கொடுத்தன. பிரதிநிதிகள் சபை இதற்காகச் செலவிட்ட நேரம் சுமார் 40 நிமிடம்.

இதில் எது பிழை, எது பொய் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 2 அன்று, மேடாக்ஸை மூன்று படகுகள் உண்மையிலேயே தாக்கின. நான்காம் தேதி நடந்ததாகச் சொல்லப்பட்டது முதலில் ஒரு குழப்பம்தான். ஒட்டுக்கேட்ட வட வியட்நாமியச் செய்திகளைப் படித்த உளவு அமைப்பினர், முந்தைய சண்டையில் சேதமான படகுகளை மீட்கும் பேச்சைப் புதிய தாக்குதலுக்கான கட்டளை என்று எடுத்துக்கொண்டார்கள். தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாளர் ராபர்ட் ஹன்யோக், தாக்குதல் நடக்கவில்லை என்பதோடு, பிழைக்கு எதிரான சான்றுகள் மேலிடத்துக்குப் போகாமல் நிறுத்தப்பட்டன என்றும் பின்னாளில் எழுதினார். அவர் கட்டுரை மக்கள் கைக்கு வந்தது 2005இல்.

பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்நமாரா ஆகஸ்ட் 6 அன்று செனட் குழுக்களிடம் சொன்னது வேறு வகை. மேடாக்ஸ் அந்தப் பகுதிக்கு வருவதற்குச் சற்று முன், அமெரிக்கத் திட்டத்தின்படி தென் வியட்நாமியப் படகுகள் வடக்கின் தீவுகளைத் தாக்கியிருந்தன. அப்படி ஏதும் நடந்திருந்தால்கூட அமெரிக்கக் கடற்படைக்கு அதில் பங்கும் இல்லை, அதுபற்றித் தெரியவும் தெரியாது என்றார் மெக்நமாரா. இதைப் பிழை என்று தள்ள முடியாது. சந்தேகத்தை நிச்சயமாக மாற்றிச் சொன்னதும் இதே கணக்கில்தான் வரும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அரசுக்கு எட்டு ஆண்டு தாராளமாகக் கிடைக்கிறது, சில நேரம் நாற்பதும் கிடைத்திருக்கிறது. தேர்ந்தெடுத்த சபை, சுதந்திரமான பத்திரிகை, அரசுக்குக் கட்டுப்படாத நீதிமன்றம் ஆகிய மூன்றும் இருந்த நாட்டில், இந்தப் பொய் அவற்றின் கண்ணெதிரே பிறந்தது. ஜனநாயக அமைப்புகள் போர்க்காலப் பொய் பிறப்பதை அநேகமாகத் தடுப்பதில்லை. அதன் ஆயுளைக் குறைக்கின்றன, அவ்வளவுதான். எவ்வளவு குறைக்கும் என்பது எழுதிவைத்த தாள் தப்பிப் பிழைக்கிறதா, அதை அச்சமின்றி வாசிக்க ஓர் இடம் உண்டா, வாசித்தவரைத் தண்டிக்க மறுக்க யாருக்காவது உரிமை உண்டா என்பவற்றைப் பொறுத்தது.

ஜனநாயகத் தலைவர்கள்தாம் சொந்த மக்களிடம் அதிகம் பொய் சொல்லத் தூண்டப்படுகிறார்கள் என்ற வாதமும் உண்டு. அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் மியர்ஷைமர் 2011இல் வெளியிட்ட நூலில் இதை விரித்தார்: நாடுகள் ஒன்றுக்கொன்று சொல்லும் பொய்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு, தலைவர்கள் தம் மக்களிடம் சொல்வது அதிகம். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. மக்களின் சம்மதம் வேண்டியிருப்பவனுக்குத்தான் அந்தச் சம்மதத்தைத் தயாரிக்கும் ஆசை வரும். எனவே, போர்க்காலப் பொய் ஜனநாயகத்துக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிய நோய் என்று நினைத்துக்கொள்வது வசதியான நினைப்பு. அது ஜனநாயகத்தின் கட்டாயங்களிலிருந்தே முளைக்கிறது.

செனட்டில் எதிர்த்து வாக்களித்த இருவர் ஆரிகனின் வேய்ன் மோர்ஸும் அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங்கும். தீவுத் தாக்குதல்களுக்கும் ரோந்துக்கும் தொடர்பு உண்டு, மேடாக்ஸின் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள் என்று மோர்ஸுக்குப் பென்டகனுக்குள்ளிருந்தே ஒரு தொலைபேசித் தகவல் வந்திருந்தது. அதாவது, பொய் பிறந்த அதே வாரத்தில் அதற்கு மறுப்பும் ஒரு சபை உறுப்பினரின் கையில் இருந்தது. அவர் அவையில் எழுந்து பேசவும் செய்தார். யாரும் காது கொடுக்கவில்லை. தேர்தல் ஆண்டு, கொடி, தாக்கப்பட்ட மாலுமிகள் என்ற சூழலில் தனிக்குரலுக்கு எடுபடும் வலு இல்லை. 1968இல் மோர்ஸ், குரூனிங் இருவரும் பதவி இழந்தார்கள். உண்மை சொன்னவருக்கு வாக்காளர் தரும் பரிசு பற்றி அதிக நம்பிக்கை வைக்கத் தேவையில்லை.

தீர்மானத்தைச் செனட்டில் முன்னின்று நிறைவேற்றிக் கொடுத்தவர் அயல்நாட்டு உறவுக் குழுவின் தலைவர் வில்லியம் ஃபுல்பிரைட், ஜான்சனின் நண்பர். ஏமாந்தோம் என்ற எரிச்சல் அவரை உலுக்கியிருக்க வேண்டும். 1966இல் போர் பற்றிய விசாரணைகளைத் தொலைக்காட்சியில் நாடே பார்க்க நடத்தினார். 1968 பிப்ரவரியில் மெக்நமாராவையே அழைத்து டோங்கின் விவகாரத்தைத் தோண்டினார். இம்முறை குழுவின் ஊழியர்கள் கப்பல் பதிவேடுகளையும் தந்திகளையும் படித்துவிட்டு வந்திருந்தார்கள், ஹெரிக்கின் சந்தேகமும் அவற்றில் இருந்தது. நான்கு ஆண்டுக்கு முன் மோர்ஸ் ஒருவர் சொன்னபோது வதந்தியாகத் தெரிந்தது, கேள்வி கேட்கச் சட்டப்படி அதிகாரம் உள்ள ஒரு குழு தாள்களோடு உட்கார்ந்தபோது அரசால் தள்ளமுடியாததாயிற்று. 1971 ஜனவரியில் டோங்கின் தீர்மானமே ரத்தானது.

மெக்நமாரா இதே காலத்தில் செய்த இன்னொரு காரியம்தான் இந்தக் கதையின் விசித்திரம். வியட்நாமில் நாம் எப்படி இந்த இடத்துக்கு வந்தோம் என்று 1945 முதலான ஆவணங்களைத் தொகுத்து ஆராயும்படி 1967 ஜூனில் பென்டகனுக்குள்ளேயே ஒரு குழுவை அமைத்தார். லெஸ்லி கெல்ப் தலைமையில் 36 பேர் எழுதினார்கள். 1969 தொடக்கத்தில் முடிந்தபோது 47 தொகுதிகள், சுமார் 7,000 பக்கங்கள். எடுத்த படிகள் 15 மட்டுமே. வெளியே பொய் சொன்ன அரசு, உள்ளே தனக்குத்தானே உண்மையை எழுதி அலமாரியில் வைத்துக்கொண்டது. நவீன அரசு இயந்திரம் தாள் இல்லாமல் ஓடாது. குண்டு போடவும் தாள் வேண்டும், போட்டதற்குக் கணக்குக் காட்டவும் தாள் வேண்டும். பொய் சொல்பவனுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

எழுதியவர்களில் ஒருவரான டேனியல் எல்ஸ்பெர்க் 1969 அக்டோபரிலிருந்து இரவுகளில் அவற்றை ஜெராக்ஸ் எடுத்தார். முதலில் அவர் போனது பத்திரிகையிடம் அல்ல, ஃபுல்பிரைட்டிடம். ஃபுல்பிரைட் முறைப்படி பாதுகாப்புத் துறையிடம் ஆவணத்தைக் கேட்டார், கிடைக்கவில்லை, தன் கையில் இருந்ததையும் வெளியிடவில்லை. சபை தயங்கிய இடத்தில்தான் பத்திரிகை வந்தது. 1971 ஜூன் 13 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பகுதியை அச்சிட்டது. அரசு இரண்டு நாளில் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. பாதுகாப்பின் பெயரால் ஒரு நாளிதழின் அச்சை மத்திய அரசு நீதிமன்றம் வழியே நிறுத்தியது அந்நாட்டில் அதுவே முதல் முறை.

தற்காலிகத் தடை விதித்த நீதிபதி மரே கர்ஃபைன், சில நாள் முன்புதான் அன்றைய அதிபர் நிக்சனால் நியமிக்கப்பட்டவர். இரண்டாம் உலகப்போரில் ராணுவ உளவுத்துறையில் பணியாற்றியவர். அரசு இதைவிட அனுகூலமான ஒருவரைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. ஆனால் எந்தப் பக்கம் நாட்டுக்கு ஆபத்து என்று அரசு வழக்கறிஞர்களிடம் கர்ஃபைன் மூடிய அறையில் கேட்டபோது அவர்களால் சுட்டிக்காட்ட முடியவில்லை. நிரந்தரத் தடை மறுக்கப்பட்டது. இதற்கிடையில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ கையில் கிடைத்ததை அச்சிடத் தொடங்கியது. அதற்குத் தடை கேட்டால் வேறு ஊர்ப் பத்திரிகைகள் தொடங்கின. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று பத்திரிகைகள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பில் அங்கே வாதாடிய எர்வின் கிரிஸ்வோல்ட், 1989இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அந்த வெளியீட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து வந்ததற்கான சுவடே தான் கண்டதில்லை என்று ஒப்புக்கொண்டார். அரசு ரகசியம் என்று முத்திரை குத்துவதில் பெரும்பகுதி அரசின் வெட்கத்தைக் காப்பதற்கே என்பது அவர் கருத்து.

தீர்ப்புக்கு முந்தைய இரவு இன்னொன்று நடந்தது. அலாஸ்காவின் இளம் செனட்டர் மைக் கிராவலிடம் ஆவணத்தின் ஒரு படி இருந்தது. அவையில் வாசிக்க முயன்றார், போதிய உறுப்பினர் இல்லை. அவர் தலைமை வகித்தது பொதுக் கட்டடங்கள், மைதானங்களுக்கான துணைக்குழு. போர் பற்றிக் கேட்கும் வேலை அதற்கு இல்லைதான். அரசுக் கட்டடங்களுக்குப் பணம் ஏன் இல்லை என்றால் எல்லாம் வியட்நாமுக்குப் போகிறது என்று ஒரு சாக்குச் சொல்லி, இரவோடு இரவாகக் குழுவைக் கூட்டினார். நடுநிசி தாண்டியும் வாசித்தார். ஒரு கட்டத்தில் அழுகை முட்டி, வாசிக்க முடியாமல், மீதியைக் குழுவின் பதிவேட்டில் சேர்த்துவிட்டார். 1972இல் உச்ச நீதிமன்றம், அவையில் பேசியதற்காக உறுப்பினரை வேறெங்கும் கேள்வி கேட்கக் கூடாது என்ற அரசியல் சட்டப் பாதுகாப்பு கிராவலுக்கும் அவருடைய உதவியாளருக்கும் உண்டு என்றது. தனியார் பதிப்பகம் வழியே நூலாக்கியதற்கு அந்தப் பாதுகாப்பு நீளாது என்றும் சொன்னது. இந்திய அரசியல் சாசனத்தின் 105ஆம் கூறு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தருவது இதே வகைக் காப்பு.

கட்டடக் குழுவில் போரைப் பேசியவரைச் சட்டம் காத்தது என்பது சாதாரணமாகத் தோன்றலாம். அரை நூற்றாண்டு கழித்து, 2022 மார்ச்சில், மாஸ்கோவின் ஒரு வட்டார மன்றக் கூட்டத்தில் சிறுவர் ஓவியப் போட்டி நடத்துவது பற்றிப் பேச்சு வந்தது. உக்ரைனில் குழந்தைகள் இறந்துகொண்டிருக்கும்போது ஓவியப் போட்டி எதற்கு என்று உறுப்பினர் அலெக்ஸேய் கோரினோவ் கேட்டார். அம்மாதத் தொடக்கத்தில்தான் ராணுவம் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்புவோருக்கு 15 ஆண்டு வரை சிறை என்று ரஷ்யா சட்டம் கொண்டுவந்திருந்தது. ஜூலையில் கோரினோவுக்கு ஏழு ஆண்டு தண்டனை. அரசு போர் என்று சொல்லாததைப் போர் என்று சொன்னது குற்றத்தின் மையம். மன்றம் இருந்தது, உறுப்பினர் இருந்தார், நீதிமன்றமும் இருந்தது. அங்கே பேசியவரைத் தொடமுடியாது என்ற ஒரு விதி மட்டும் இல்லை.

அமெரிக்கக் கதையை இங்கே வெற்றி முரசோடு நிறுத்திவிடுவது வழக்கம். அது நேர்மையல்ல. டோங்கின் தீர்மானம் வந்தபோது வியட்நாமில் இறந்திருந்த அமெரிக்கர்கள் சில நூறு பேர். பென்டகன் ஆவணங்கள் அச்சேறியபோது அந்த எண்ணிக்கை ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது; வியட்நாமியரின் சாவு அதைப்போல் பல மடங்கு. எல்ஸ்பெர்க் மீதான வழக்கு 1973 மே மாதம் தள்ளுபடியானதுகூட அவர் செய்தது சரி என்பதால் அல்ல. வெள்ளை மாளிகையின் ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்துப் புகுந்தது போன்ற அரசின் தில்லுமுல்லுகள் நடுவில் வெளிவந்ததால்தான்.

நிறுவனங்களை நன்கு அறிந்தவன் பொய் சொல்லும்போது என்ன செய்வான் என்பதற்குக் கம்போடியா சாட்சி. 1969 மார்ச் 18 முதல் பதினான்கு மாதம், நடுநிலை நாடான கம்போடியாவின் எல்லைப் பகுதிகள் மீது அமெரிக்காவின் பி-52 விமானங்கள் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. 1969 மே மாதமே ‘நியூயார்க் டைம்ஸ்’ செய்தி வெளியிட்டும் பெரிய அலை எழவில்லை. 1970 ஏப்ரல் 30 அன்று நிக்சன் தொலைக்காட்சியில் கம்போடியாவின் நடுநிலையை அமெரிக்கா கண்ணும் கருத்துமாக மதித்து வந்திருக்கிறது என்று சொன்னார். சபைத் தலைவர்களில் ஒரு சிலருக்குத் தனியே காதில் போடப்பட்டிருந்தது. தெரிந்துவைத்திருந்த அவர்கள் வாய் திறக்கவில்லை. ‘எதிர்க்கட்சியிடமும் கலந்து பேசினோம்’ என்று அரசுகள் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ரகசியத்தில் பங்கு கொடுப்பது, கேள்வி கேட்பவரின் வாயை அடைக்க எளிய வழி.

இம்முறை தாளே பொய் சொன்னது. தென் வியட்நாமின் பியென் ஹோவா தளத்தில் ரேடார் பிரிவில் இருந்த ஹால் நைட் என்ற அதிகாரிக்கு, விமானம் கிளம்புமுன் உண்மையான இலக்கின் எண்கள் தனிக் கையாள் வழியே வரும். அவற்றை ரேடார் ஆட்களிடம் கொடுப்பார், குண்டு கம்போடியாவில் விழும். பிறகு அந்தத் தாள்களை எரித்துவிட்டு, தென் வியட்நாமில் உள்ள இலக்கைத் தாக்கியதாக அறிக்கை எழுதி மேலே அனுப்புவார். அரசு தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தையே திருத்தியது. 1968இல் ஃபுல்பிரைட்டின் ஊழியர்கள் கப்பல் பதிவேட்டில் கண்டுபிடித்ததைப் போல இங்கே யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பது நோக்கம்.

ஆனால் எரித்தவனுக்கு நினைவு இருந்தது. 1973 தொடக்கத்தில் நைட், செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மயருக்குக் கடிதம் எழுதினார். ஜூலையில் செனட்டின் ஆயுதப்படைக் குழு முன் சாட்சி சொன்னார். பாதுகாப்புத் துறை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பொய்யறிக்கை எழுதுவது ராணுவச் சட்டப்படி குற்றம் என்பதும், அதைச் செய்யச் சொன்னவர்களே அந்தச் சட்டத்தைக் காப்பவர்கள் என்பதும் அவரை உறுத்தியிருந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15க்குப் பின் இந்தோசீனாவில் குண்டு வீசப் பணம் கிடையாது என்று சபை சட்டம் செய்தது. குண்டுவீச்சு அன்றோடு நின்றது. நவம்பரில் நிக்சனின் மறுப்பை மீறிப் போர் அதிகாரச் சட்டம் நிறைவேறியது. அதன்படி படை அனுப்பிய 48 மணி நேரத்தில் அதிபர் சபைக்குத் தெரிவிக்க வேண்டும், அனுமதி இல்லையேல் 60 நாளில் திரும்ப அழைக்க வேண்டும். பின்வந்த அதிபர்கள் அதில் நுழைந்து வெளியேறும் சந்துகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். 1974இல் நிக்சன் மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டுகள் வரைந்தபோது, கம்போடியாவை மறைத்தது பற்றிய குற்றச்சாட்டை நீதித்துறைக் குழு 26-12 என்று தள்ளிவிட்டது. கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்டதை மறைத்தது அவரை வீழ்த்தியது, ஒரு நாட்டின் மீது போட்ட குண்டை மறைத்தது வீழ்த்தவில்லை.

பிரிட்டனுக்கு வந்தால் இன்னொரு கப்பல். 1982 மே 2 அன்று ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் கான்கரர் என்ற நீர்மூழ்கி, அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோவை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் பிரிட்டிஷ் படையை நெருங்கிக்கொண்டிருந்தது, சில மணி நேரத் தொலைவில்தான் இருந்தது என்று பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் மே 4 அன்று காமன்ஸ் சபையில் சொன்னார். உண்மையில் அது பல மணி நேரம் முன்பே திசை திருப்பி, பிரிட்டன் அறிவித்திருந்த விலக்கு மண்டலத்துக்கு வெளியே, அர்ஜென்டினக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை, பொய் தேவையே இல்லை. எதிரிக் கப்பல் எந்தத் திசையில் போனாலும் அடுத்த மணியில் திரும்பலாம்; போரில் அதைத் தாக்கியது முறையானதே என்று அதன் கேப்டன் எக்தோர் போன்சோவே பின்னர் கருத்துச் சொன்னார். உள்ளதைச் சொல்லியிருந்தால் பெரும்பாலான பிரிட்டிஷார் தலையாட்டியிருப்பார்கள். முதல் நாள் அவசரத்தில் சொன்னதைத் திருத்தினால் அவமானம் என்பதால், அடுத்தடுத்து அதையே காக்க வேண்டியதாயிற்று.

லேபர் கட்சி உறுப்பினர் டாம் டேலியல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவையில் அவரைத் தொல்லை பிடித்த மனிதர் என்று பார்த்தவர்கள் அதிகம். 1983 தேர்தலின்போது டயானா கூல்ட் என்ற ஆசிரியை பி.பி.சி. நேரலையில் பிரதமர் மார்கரெட் தாட்சரிடம், தீவுகளை விட்டு விலகிப் போன கப்பலை ஏன் மூழ்கடித்தீர்கள் என்று கேட்டு, மழுப்பலை ஏற்காமல் திரும்பத் திரும்ப மடக்கினார். தொழில்முறைப் பேட்டியாளர்கள் அதற்கு முன் செய்யாததை, திசைகாட்டியின் பாகைக் கணக்கோடு வந்த ஒரு வாக்காளர் செய்தார்.

1984இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் மூத்த அதிகாரி கிளைவ் பான்டிங்கிடம் மூழ்கடிப்பு பற்றிய முழு உண்மையையும் தொகுக்கும் வேலை வந்தது. மறுபடியும் அதே கதை: அரசு உள்ளுக்குள் சரியான கணக்கை எழுதிக்கொள்கிறது. அமைச்சர்கள் அதை நாடாளுமன்றக் குழுவிடம் மறைக்கத் தீர்மானித்தபோது, பான்டிங் இரண்டு ஆவணங்களைத் தபாலில் டேலியலுக்கு அனுப்பினார். அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் வழக்கு. நாட்டின் நலன் என்றால் அன்றைய அரசு எதை நலன் என்கிறதோ அதுதான் என்று நீதிபதி மக்கோவன் ஜூரிக்கு அறிவுறுத்தினார். சட்டப்படி தண்டிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பது போன்ற அறிவுரை. 1985 பிப்ரவரியில் ஜூரியில் இருந்த சாதாரணக் குடிமக்கள் பான்டிங்கைக் குற்றமற்றவர் என்றார்கள். காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. கான்கரரின் பதிவேடு மட்டும் இதற்குள் காணாமல் போயிருந்தது.

ஜூரியின் மறுப்பை அரசு மறக்கவில்லை. பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்று வாதாட இடம் கொடுத்த வாசகம் 1989இல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. ஓர் அமைப்பு பொய்யைக் கட்டுப்படுத்தினால், அடுத்த பொய்க்கு முன் அந்த அமைப்பின் பல்லைப் பிடுங்கப் பார்ப்பது அரசின் இயல்பு. அந்தப் பழைய பிரிட்டிஷ் சட்டத்தின் வழித்தோன்றல்தான் 1923ஆம் ஆண்டின் இந்திய அரசு ரகசியச் சட்டம். அது இன்னும் நடப்பில் இருக்கிறது, இங்கே ஜூரியும் கிடையாது.

அதே பிரிட்டனில் தாளைத் தப்பவிடாமல் செய்த முயற்சியும் நடந்திருக்கிறது. 1956 அக்டோபர் 24 அன்று பாரிஸ் அருகே செவ்ர் என்ற இடத்தில், இஸ்ரேல் எகிப்தைத் தாக்கும், பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானம் செய்வதுபோல் சூயஸ் கால்வாயில் இறங்கும் என்று மூன்று நாடுகளின் பிரதிநிதிகள் எழுதிக் கையெழுத்திட்டார்கள். பிரதமர் ஆந்தனி ஈடன் எழுத்து இருக்கிறது என்று கேட்டதும் பதறி, படிகளைத் திரும்ப வாங்கி வர ஆளனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் தரவில்லை. பிரிட்டிஷ் படி அழிக்கப்பட்டது. டிசம்பர் 20 அன்று, இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டித் தெரியாது என்று அவர் காமன்ஸ் சபையில் சொன்னார். அடுத்த மாதம் பதவி விலகினார், காரணம் உடல்நிலை. இணை அமைச்சராக இருந்து பதவி துறந்த ஆந்தனி நட்டிங் 1967இல் நூல் எழுதிச் சதியை உடைத்தார். இஸ்ரேலியப் படி ஊர் பார்க்கும்படி வெளிவந்தது 1996இல்தான். இடையில் பிரிட்டனில் விசாரணைக் குழு எதுவும் அமையவில்லை. சந்தேகம் எல்லோருக்கும் இருந்தும், கேட்கும் அதிகாரம் உள்ள எவரும் கேட்காதபோது பொய் நாற்பது ஆண்டு வாழ்ந்துவிடுகிறது.

பொய் வெளிப்பட்ட பின் யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும், சொன்னவர் அல்ல, அடுத்து வருபவர். 2003 மார்ச் 18 அன்று இராக் மீதான போருக்குக் காமன்ஸ் சபை 412-149 என்று ஒப்புதல் தந்தது. அதற்கு அடிப்படையாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் அங்கே இல்லை. இந்தப் போரை விசாரித்து 2016இல் வெளியான சில்காட் அறிக்கை, அன்றைய பிரதமர் டோனி பிளேர் பொய் சொன்னார் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. உளவுத் தகவல் தாங்காத அளவு உறுதியோடு அது முன்வைக்கப்பட்டது என்றது. டோங்கின் இரவின் அதே நோய்தான். ஆனால் அறிக்கைக்கு முன்பே கணக்குத் தீர்ந்திருந்தது. 2013 ஆகஸ்டில் சிரியா ரசாயன ஆயுதம் பயன்படுத்தியது என்று டேவிட் கேமரன் அரசு சொன்னபோது, இம்முறை தகவல் வலுவாக இருந்தும், சபை 285-272 என்று ராணுவ நடவடிக்கையை மறுத்தது. விவாதத்தில் இராக் என்ற பெயர் திரும்பத் திரும்ப ஒலித்தது.

இந்தியாவின் ஏடும் கலவையானது. 1962இல் சீனப்படை முன்னேறிக்கொண்டிருந்தபோது வாஜ்பாய் உள்ளிட்டோர் நாடாளுமன்றத்தை உடனே கூட்டக் கோரினார்கள். நேரு ஏற்றார், நவம்பர் 8 அன்று அவை கூடியது. ரகசியக் கூட்டமாக வைக்கலாம் என்ற யோசனையை அவர் மறுத்துவிட்டார். போர் நடக்கும்போதே ஒரு வாரம் உறுப்பினர்கள் அரசைத் திறந்த அவையில் வறுத்தெடுத்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதற்குள் பதவி இழந்திருந்தார். உலகில் அதிகம் நடக்காத காட்சி. ஆனால் தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையை 1963இலேயே உள்ளே வைத்துப் பூட்டினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கேட்டும் 2009இல் மத்தியத் தகவல் ஆணையம் தர மறுத்தது. 2014இல் நெவில் மாக்ஸ்வெல் என்ற ஆஸ்திரேலிய இதழாளர் தன்னிடம் இருந்த பகுதியை இணையத்தில் போட்ட பின்னும் அரசு அதை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை.

கார்கில் போர் முடிந்த சில நாளில், 1999 ஜூலை 29 அன்று அமைந்த மறுஆய்வுக் குழு இதற்கு நேர் எதிர். தலைவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே.சுப்ரமணியம், பாதுகாப்பு விவகாரங்களில் நாட்டின் முதன்மையான சிந்தனையாளர்களில் ஒருவர். குழுவுக்குச் சாட்சிகளைக் கட்டாயப்படுத்தும் சட்ட அதிகாரம் இல்லை, ஆவணங்களைப் பார்க்கும் வசதி இருந்தது. ஊடுருவல் எப்படிக் கண்ணில் படாமல் போனது, உளவு அமைப்புகள் எங்கே ஒன்றுக்கொன்று பேசவில்லை என்பதை எழுதி, அந்த ஆண்டு முடிவதற்குள் பணியை நிறைவு செய்தார்கள். 2000 பிப்ரவரி 23 அன்று அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, நூலாகவும் வந்தது. சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன, தனி நபர் எவர்மீதும் பொறுப்புச் சுமத்தப்படவில்லை. இரண்டு குறைகளையும் அன்றே எதிர்க்கட்சிகள் சுட்டிக்காட்டின. ஆனாலும் வாசிக்க ஒரு தாள் இருந்ததால்தான் சுட்டிக்காட்ட முடிந்தது. 1962 பற்றி எழுத வருபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் மாக்ஸ்வெல் போட்ட பகுதிகளையும், ஓய்வுபெற்ற தளபதிகள் தத்தம் தரப்பைக் காத்து எழுதிய நினைவுக் குறிப்புகளையும் வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.